சனிக்கிழமை செலவு, ஞாயிற்றுக்கிழமை வரவு: ஒரு ரியல் எஸ்டேட் வகுப்பு பற்றி

நடத்தியவர்களின் பெயரைப் போடப் போவதில்லை. இதே சரக்கு வேறு வேறு பெயரில், வேறு வேறு ஓட்டல் ஹாலில் நடந்துகொண்டேதான் இருக்கிறது. "வேலையில் இருந்துகொண்டே சொத்து சேர்த்து, சீக்கிரமே வேலையை விடுவது எப்படி" என்கிற இரண்டு நாள் வகுப்பு. இடம் கிண்டி. கட்டணம் 9,500 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம் சேர்த்து 11,210. மதியச் சாப்பாடு, ஒரு ஃபைல், ஒரு பேனா எல்லாம் அதிலேயே அடக்கம்.

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். ஆவடியில் சொந்த வீடு, மாடி போர்ஷன் வாடகைக்கு. ஐம்பது வயதுக்கு முன்னால் வேலையை விட்டுவிட்டு மனை, வீடு என்று இதையே முழு நேரமாகப் பார்க்க வேண்டும் என்பது ரொம்ப நாள் ஆசை. அந்த ஆசை இருப்பவர்களைக் குறிவைத்துத்தான் இந்த விளம்பரமும் வருகிறது. "பதினோராயிரத்துக்கு ரெண்டு கிராமாவது தங்கம் வாங்குவியா" என்று கேட்டார் என் கணவர். இன்றைய விலைக்கு ரெண்டு கிராம் எங்கே கிடைக்கிறது என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சனிக்கிழமை முழுக்க ஒருவரே பேசினார். நல்ல குரல், நல்ல சட்டை. "உங்கள் முதலாளிக்காக எத்தனை வருடம் உழைப்பீர்கள்?" என்று ஆரம்பித்து மதியம் வரை அதே கேள்விதான், வேறு வேறு ராகத்தில். சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். பார்த்தால் ராஜினாமாக் கடிதம்! "மதிப்பிற்குரிய ஐயா" தொடங்கி எல்லாம் அச்சடித்தாயிற்று. தேதியும் கையெழுத்தும் மட்டும் நாம் போட வேண்டும். மூன்று வருடம் தள்ளி ஒரு தேதியைப் போட்டுப் பர்ஸில் வைத்துக்கொள்ளச் சொன்னார். பக்கத்தில் இருந்த ஓரகடம் தம்பி உடனே எழுதிவிட்டு, "அக்கா, நீங்க போடலையா?" என்றான். கணக்கு டேலி ஆகட்டும்டா, அப்புறம் போடுகிறேன் என்றேன்.

டேலி ஆகவில்லை. அவர் திரையில் போட்ட உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மேடவாக்கம் பக்கம் 60 லட்சத்துக்கு ஒரு பழைய ஃப்ளாட், வாடகை 16,000. "இப்படி ஐந்து வீடு இருந்தால் மாதம் 80,000. உட்கார்ந்த இடத்தில் வருமானம்!" என்றார். ஹாலில் கைதட்டல். ஃபைலின் பின்பக்கத்தில் நான் எழுதிப் பார்த்தது இது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான வீட்டுக் கடனில், சொத்து மதிப்பில் 80 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக 48 லட்சம் கடன், 12 லட்சம் கைக்காசு. பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதம். அது 5.40 லட்சம். அதுவும் கையிலிருந்துதான் போக வேண்டும். ஒரு வீட்டுக்கே 17.40 லட்சம் ரொக்கம். எட்டரை சதவீத வட்டியில் 20 வருடக் கடனென்றால், லட்சத்துக்கு 868 ரூபாய் தவணை. 48 லட்சத்துக்கு 41,650-ஐ ஒட்டி வரும். வாடகை 16,000 போக மாதாமாதம் 25,000-க்கு மேல் நாம்தான் போட வேண்டும். ஐந்து வீடென்றால் வருவது 80,000, போவது 2 லட்சத்து 8 ஆயிரம். சொத்து வரி, அசோசியேஷன் மெயின்டனன்ஸ், ஆள் மாறும்போது வெள்ளையடிப்பது, காலியாகக் கிடக்கும் மாதம் எதையும் இதில் சேர்க்கவில்லை.

சரி, அந்த 25,000-ஐ எங்கிருந்து போடுவது? சம்பளத்திலிருந்துதான். எந்தச் சம்பளத்தை விடச் சொல்கிறாரோ, அதே சம்பளம்! அந்த நாள் முழுக்க இந்த ஒரு விஷயத்தை அவர் தொடவே இல்லை. கடன் கொடுக்கிற வங்கி நம் முகத்தைப் பார்த்துக் கொடுப்பதில்லை. சம்பளச் சீட்டையும், கம்பெனி கொடுக்கிற வரிப் பிடித்தச் சான்றான ஃபார்ம் 16-ஐயும் பார்த்துத்தான் கொடுக்கிறது. வேலையை விட்டு சொந்தத் தொழில் என்று போய் நின்றால், பொதுவாக இரண்டு மூன்று வருட வருமான வரிக் கணக்கு கேட்பார்கள். கடன் வாங்க முடிகிற காலத்தில் கடன் தேவைப்படும் வழியைக் கற்றுக்கொடுத்துவிட்டு, கடன் கிடைக்காத இடத்துக்குப் போகச் சொன்னால் என்ன அர்த்தம்?

வரி விஷயத்திலும் அப்படித்தான். "கடன் வட்டியைக் காட்டினால் சம்பளத்துக்கு வரி குறையும்" என்று போகிறபோக்கில் சொன்னார். வருமான வரியின் பழைய முறையில் இருப்பவர்களுக்கு, வருடம் 2 லட்சம் வரை, அது சரி. 2023-24 நிதியாண்டிலிருந்து புதிய முறைதான் இயல்பாக வருகிறது. அதில் வாடகை வீட்டுக்குக் கட்டும் வட்டியை அந்த வாடகையில் கழிக்கலாம். மிஞ்சுகிற நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. எங்கள் கம்பெனியில் பாதிப் பேர் புதிய முறைக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒருவர் இந்த வகுப்பை நம்பி ஃப்ளாட் வாங்கினால் மார்ச் மாதம் என் மேஜைக்கு முன்னால் வந்துதான் சண்டை போடுவார்.

நியாயமாகச் சொன்னால், அவர் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது: வாடகைக்காக யாரும் வாங்குவதில்லை, விலை ஏறும் என்றுதான் வாங்குகிறோம். இருக்கட்டும். ஆனால் ஏறின விலை மாதா மாதம் மளிகைக் கடைக்குக் கொடுக்க வராது. விற்றால்தான் காசு. 2024 ஜூலை 23-க்குப் பிறகு வாங்கியதை இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்து விற்றால் லாபத்தில் 12.5 சதவீதம் வரி. பணவீக்கத்துக்கு ஈடுகட்டும் பழைய கணக்கு கிடையாது. 50 லட்சமோ அதற்கு மேலோ போனால் வாங்குகிறவர் 1 சதவீதத்தைப் பிடித்துக் கட்டிவிட்டுத்தான் மீதியைத் தருவார்.

சாயங்காலம் வழக்கமான வியாபாரம். ஒன்றரை லட்சம் கட்டினால் "உள்வட்ட" உறுப்பினர். ஹாலுக்கு வெளியே ஒரு மனைப்பிரிவு ஸ்டால், இலவச வேனில் சைட் பார்க்க அழைப்பு. ரெரா எண், அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிந்த எண், கேட்டேன். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் விளம்பரம் செய்வதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். விற்றுக் கொடுக்கும் ஏஜென்ட்டுக்கும் தனியாகப் பதிவு உண்டு. "வாட்ஸ்அப்பில் அனுப்புறோம் மேடம்" என்றார்கள். மனையின் படம் வந்தது, பண்டிகை வாழ்த்தும் வந்தது. எண் வரவில்லை. அன்றைக்கு உருப்படியான விஷயம் வத்தக்குழம்பு மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். நல்லவேளை போனேன். அன்றைக்கு வந்தவர் ஓய்வுபெற்ற சார்பதிவாளர். மைக் வேண்டாம் என்றார். "நான் முப்பது வருஷத்துக்கு மேல பத்திரம் பார்த்தவன். சொந்தமா இருக்கிறது ஒரே வீடு. அதனால எப்படிப் பணக்காரன் ஆகிறதுன்னு என்னைக் கேட்காதீங்க" என்று ஆரம்பித்தார். ஹாலில் முதல் உண்மையான சிரிப்பு அப்போதுதான் கேட்டது.

பேச்சு கொஞ்சம்தான். ஒரு சொத்தின் மேல் பதிவான கிரயம், கடன் எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டுவது வில்லங்கச் சான்று. ஒவ்வொரு மேஜைக்கும் பெயர்களை மையால் அடித்த அப்படி ஒன்றைக் கொடுத்து, "இந்த மனையை வாங்கலாமா, வேண்டாமா? அரை மணி நேரம்" என்றார். எங்களுக்கு வந்தது இது: 1988-இல் அப்பா கிரயம் வாங்குகிறார். 2004-இல் மூத்த மகனுக்கு செட்டில்மென்ட், அதாவது விலை வாங்காமல் எழுதிக்கொடுப்பது. 2009-இல் ஒரு வங்கியில் கடனுக்காக உரிமை ஆவணம் ஒப்படைப்பு. 2013-இல் அந்தக் கடன் அடைந்ததற்கு ரசீது. 2015-இல் மறுபடி ஒப்படைப்பு. 2019-இல் ஒருவருக்குப் பொது அதிகாரம், அதாவது பவர். 2021-இல் அந்தப் பவர் ஏஜென்ட் ஒரு கிரய ஒப்பந்தம் போடுகிறார்.

2015-இல் வாங்கின கடனுக்கு ரசீது இல்லை, அதாவது இன்னும் அடைபடவில்லை. இதை எல்லா மேஜையும் பிடித்துவிட்டது. பவர் கொடுத்தவர் இறந்துவிட்டால் அந்தப் பவர் அதோடு சரி. அதனால் பத்திரம் பதியும்போது அவர் உயிரோடு இருக்கிறார் என்பதற்குச் சான்று கேட்பார்கள் என்று ஓரகடம் தம்பி சொன்னான். சார் தலையாட்டிவிட்டு, "அப்புறம்?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தொகையோ அளவோ கண்ணில் பட்டால் கூட்டிப் பார்க்கிற பழக்கம். விஸ்தீரணத்தைப் பார்த்தேன். 1988-இல் 2,400 சதுர அடி, ஒரு கிரவுண்ட். 2004 செட்டில்மென்ட்டில் 1,200. 2021 ஒப்பந்தத்தில் மறுபடி 2,400! மீதி 1,200 மகனுக்கு எப்படி வந்தது?

"வரலை. அதாம்மா விஷயம்" என்றார். அந்தப் பாதி அப்பா பெயரிலேயே நிற்கிறது. அவர் உயில் எழுதாமல் காலமாகியிருந்தால் மனைவி, மகன்கள், மகள்கள் எல்லோருக்கும் அதில் பங்கு. அவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் கிரயம் நிற்கும். கட்டிக்கொடுத்து வெளியூரில் இருக்கும் தங்கை பத்து வருடம் கழித்துக் கேஸ் போடுவது இந்த மாதிரி இடத்தில்தான் என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்ன ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டேன். பதிவுத் துறை இணையதளத்தில் 1975-லிருந்து வில்லங்கம் காசு கட்டாமலே பார்க்கலாம். அதற்கு முந்தையதற்கு மனுப் போட வேண்டும். சர்வே எண் உட்பிரிவு ஆகியிருந்தால் புது எண்ணில் மட்டும் தேடினால் பழைய கிரயமும் கடனும் கண்ணில் படாது, தாய் எண்ணிலும் தேட வேண்டும். ஊர் ஒரு சார்பதிவகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறியிருந்தால் இரண்டிலும் தேட வேண்டும். பதியாத உயில், வாய்மொழிப் பாகப்பிரிவினை, கோர்ட்டில் நடக்கிற வழக்கு இதெல்லாம் வில்லங்கச் சான்றில் வராது, "வில்லங்கம் இல்லைன்னு சான்று வந்தா, பதிவான வில்லங்கம் இல்லைன்னு மட்டும்தான் அர்த்தம்." பட்டாவை வைத்து மட்டும் உரிமை வராது, ஆனால் பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) மூன்றையும் பத்திரத்தின் நான்கு எல்லையோடு ஒத்துப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. இதெல்லாம் வேலை முடிந்து வந்து ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோனிலேயே செய்கிற வேலை. இதற்கு யாரும் ராஜினாமா எழுத வேண்டியதில்லை. பதிவுக்கு லீவு போட முடியாதவர்களுக்காக, கூடுதல் கட்டணத்தில் சனிக்கிழமையும் சில சார்பதிவகங்களைத் திறக்கும் ஏற்பாடு 2022-இல் வந்ததையும் சொன்னார்.

ஒரு பள்ளி ஆசிரியை, தான் பகுதி நேரமாக மனை விற்றுக் கொடுக்கலாமா என்று கேட்டார். அரசு ஊழியருக்கு நடத்தை விதி இருக்கிறது, அனுமதி இல்லாமல் தொழில் செய்யக் கூடாது, சொத்து வாங்குவதையும் விற்பதையும்கூடத் துறைக்குச் சொல்ல வேண்டும் என்று நேராகச் சொன்னார். முந்தின நாள் பேசியவரிடம் கேட்டபோது "பயத்தை விடுங்க மேடம்" என்பதுதான் பதில்.

குறை என்று பார்த்தால், வாடகைதாரர் பற்றி இரண்டு நாளிலும் ஒரே ஒரு ஸ்லைடு. வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும் என்கிற சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது. மாடியில் ஒரு குடித்தனம் வைத்திருக்கிற எனக்கே ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் ஓடவில்லை என்று ஃபோன் வருகிறது. ஐந்து வீடு வைத்தால் அந்த ஃபோனை யார் எடுப்பது?

யாருக்கு இது உதவும்? ஏற்கெனவே ஒரு மனையோ வீடோ பார்த்து வைத்து, பத்திரம் படிக்கத் தெரியாமல் தயங்குகிறவர்கள் போகலாம். ஆனால் பத்திரம் பற்றி யார் எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மேலதிகாரி மேல் கோபத்தில் இருக்கிறவர்கள் தயவுசெய்து அந்த வாரம் போகாதீர்கள், கையில் தாள் கொடுப்பார்கள். மதிப்பெண் கேட்டால் சனிக்கு ஒன்று, ஞாயிறுக்கு நாலரை. அரை மதிப்பெண் ஏன் குறைத்தேன் என்றால், அந்த மனிதருக்கு மூன்று மணி நேரம்தான் ஒதுக்கியிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பை மட்டும் தனியாக ஐயாயிரம் வாங்கிக்கொண்டு நடத்துவீர்களா, எங்கள் ஆபீஸிலேயே நாலு பேர் வருவார்கள் என்று வரவேற்பில் கேட்டேன். தொகுப்பாக மட்டும்தான் மேடம் என்றார்கள்.