299 ரூபாய்க்கு ஆறு ரவுண்டு: லெனாக்ஸ் லூயிஸ் ஒதுங்கிக்கொண்டாரா?

மச்சானுக்கும் எனக்கும் ஒரு பழைய பஞ்சாயத்து உண்டு. 2003இல் குத்துச்சண்டையில் விட்டாலி கிளிச்கோவை ஜெயித்த அன்றைய ஹெவிவெயிட் உலக சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸ், மறுபடி அவரோடு மோதாமலே ஓய்வு பெற்றாரே, அது பயமா, சாமர்த்தியமா என்று. அவன் லூயிஸ் கட்சி, நான் விட்டாலி கட்சி. இதில் வேடிக்கை என்னவென்றால் இரண்டு பேருமே அந்தச் சண்டையை முழுசாகப் பார்த்ததில்லை, நாலு நிமிட ஹைலைட்ஸை வைத்துக்கொண்டே ஒவ்வொரு தீபாவளிக்கும் கத்தியிருக்கிறோம். அதற்காகவே போன மாதம், பழைய குத்துச்சண்டைகளை முழு நீளத்தில் காட்டுகிற ஒரு ஆப்புக்கு 299 ரூபாய் கட்டினேன். பெயர் வேண்டாம், கொஞ்சம் திட்டப்போகிறேன்.

முதலில் படம். பெட்டி டிவி காலத்துப் படத்தை அகலத் திரைக்கு இழுத்து நிரப்பி வைத்திருக்கிறார்கள். லூயிஸ் அன்றைக்கு 116 கிலோ, அவர் ரிங்குக்குள் வந்ததிலேயே அதுதான் அதிக எடை. இந்த ஆப்பில் பார்த்தால் 140 தேறும். டிவி ரிமோட்டில் அளவை மாற்றினால் சரியாகிவிடுகிறது, ஆனால் அதை நாமேதான் கண்டுபிடிக்க வேண்டும். முகப்புப் படத்திலேயே விட்டாலியின் ரத்தம் ஒழுகும் முகத்தைப் போட்டிருப்பதால், முடிவு தெரியாதவர்களுக்கும் தெரிந்துபோகும்.

சண்டைக்கு வருகிறேன். ஜூன் 21, லாஸ் ஏஞ்சல்ஸ், ஸ்டேபிள்ஸ் சென்டர். லூயிஸோடு மோத வேண்டியவர் கிர்க் ஜான்சன். அவர் காயத்தால் விலக, அதே இரவில் வேறு ஒருவரோடு சின்னச் சண்டை போட இருந்த விட்டாலியை இரண்டு வாரம் முன்னால் இழுத்து மேலே ஏற்றினார்கள். லூயிஸுக்கு 37 வயது, முந்தின ஜூனில் மைக் டைசனை வீழ்த்திய பிறகு ஒரு வருடம் ரிங்கில் இறங்கவில்லை. விட்டாலிக்கு 31. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, இரண்டாவது ரவுண்டில் விட்டாலியின் வலது கை விழுந்தபோது லூயிஸின் கால் எப்படித் தடுமாறியது என்பது. ஹைலைட்ஸில் அது ஒரு நொடி. முழுசாகப் பார்க்கும்போது அந்தக் குத்துக்குப் பிறகு லூயிஸ் மூச்சு வாங்குவதும், வாயைத் திறந்துகொண்டு விட்டாலி மேல் சாய்ந்து கட்டிப்பிடிப்பதும் எல்லாம் தெரிகிறது. மூன்றாவது ரவுண்டில் லூயிஸின் வலது கை விட்டாலியின் இடது கண்ணுக்கு மேலே கிழித்துவிட்டது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்து நானே வாயடைத்துப்போனேன். நல்ல டெக்னிக் என்று சொல்ல முடியாது, இரண்டு ஆலமரம் ஒன்றை ஒன்று பிடுங்கப் பார்த்த மாதிரி இருந்தது.

நான் நினைத்திருந்ததுபோல விட்டாலி சும்மா வாங்கிக்கொண்டு போகவில்லை, மச்சான் நினைத்திருந்ததுபோல லூயிஸ் மெல்ல மெல்ல அவரை முடித்துக்கொண்டும் இருக்கவில்லை. ஆறாவது ரவுண்டில் லூயிஸ் கீழிருந்து மேலே போட்ட குத்து (அப்பர்கட்) ஒன்று விட்டாலியின் தலையையே பின்னால் தூக்கியது. மனிதர் விழவில்லை.

இங்கேதான் ஆப்பின் பெரிய பாவம். ஆறாவது ரவுண்டு மணி அடித்ததும் விளம்பரம். காசு கட்டிய பிறகும் ரவுண்டுக்கு ஒன்று வருகிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். இந்தச் சண்டையே முடிவானது அந்த ஒரு நிமிட இடைவேளையில்தான்! சமையல் எண்ணெயில் அப்பளம் பொரிந்து முடிந்து திரும்பினால், விட்டாலி கையை விரித்துக் கத்திக்கொண்டிருக்கிறார், சண்டை நின்றுவிட்டது. பின்னால் தள்ளிப் பார்த்தால் மறுபடி அப்பளம். மூன்றாவது முயற்சியில்தான் டாக்டர் மூலைக்குப் போய்ப் பார்ப்பது கிடைத்தது. தலையை நிமிர்த்தினால் கண்ணிமை பார்வையை மறைக்கிறது, தன்னைப் பார்க்கவே விட்டாலி தலையைத் திருப்ப வேண்டியிருக்கிறது என்று அந்த டாக்டர் பிறகு விளக்கினார். நியாயமான காரணம்தான், எனக்குப் பிடிக்காவிட்டாலும்.

அந்த நேரத்தில் மூன்று நடுவர்களின் அட்டையிலும் விட்டாலிதான் முன்னால், 58-56. தலை முட்டிய காயமாக இருந்திருந்தால் புள்ளிக் கணக்குக்குப் போய் சாம்பியன் பெல்ட் அவரிடம் வந்திருக்கும். குத்து கிழித்த காயம் என்பதால் லூயிஸுக்கு டெக்னிக்கல் நாக்அவுட் வெற்றி, அதாவது எதிராளி தொடர முடியாமல் சண்டை நிறுத்தப்பட்டதால் வந்த வெற்றி. அரங்கம் ஜெயித்தவரைப் பார்த்துக் கூச்சல் போட்டது.

மறுபோட்டி நடக்கவில்லை. டிசம்பரில் விட்டாலி, முன்பு விலகிய அதே கிர்க் ஜான்சனை இரண்டே ரவுண்டில் முடித்தார். 2004 பிப்ரவரியில் லூயிஸ் ஓய்வு அறிவித்தார். ஏப்ரலில், தன் தம்பியைத் தோற்கடித்திருந்த கோரி சாண்டர்ஸை வீழ்த்தி விட்டாலி, லூயிஸ் ஓய்வால் காலியான டபிள்யூ.பி.சி. (உலகக் குத்துச்சண்டை கவுன்சில்) பட்டத்தை எடுத்துக்கொண்டார்.

மச்சானின் வாதம் எப்போதும் ஒன்றுதான். "ஜெயிச்சவன் எதுக்குடா மறுபடி வரணும்? அன்னிக்கு அவன் சரியா தயாராகல, எடையைப் பாரு." சரி, ஆலிவர் மெக்காலிடம் 1994இல் தோற்று 1997இல் திருப்பிக் கொடுத்தவர், ஹசீம் ரஹ்மானிடம் 2001 ஏப்ரலில் விழுந்து நவம்பரிலேயே நாலாவது ரவுண்டில் கணக்குத் தீர்த்தவர், அவரைக் கோழை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் தயாராகாமல் வந்தேன் என்பது முதல் சண்டைக்குத்தானே சாக்கு? அதைச் சொல்கிறவர்தானே தயாராகி இன்னொரு முறை வர வேண்டும்? முன்பெல்லாம் அவர் திரும்பி வந்தது இழந்ததை மீட்க. இந்த முறை மீட்க எதுவும் இல்லை, இழக்க மட்டும்தான் இருந்தது. ஒதுங்கிக்கொண்டார் என்பதே என் முடிவு. 38 வயதில் அந்த ஆறு ரவுண்டை மறுபடி வாங்கிக்கொள்ள நானாக இருந்தாலும் போயிருக்கமாட்டேன், அது வேறு விஷயம்.

ஆப்புக்கு ஐந்துக்கு மூன்று. முழு நீளச் சண்டை கிடைக்கிறது, வர்ணனை வெட்டாமல் இருக்கிறது, அதற்காக. விளம்பரத்துக்காக ஒன்று, இழுத்த படத்துக்காக ஒன்று குறைத்துவிட்டேன். இந்த மாதத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். நேற்று மச்சானிடமிருந்து மெசேஜ்: "ரஹ்மான் ரெண்டாவது சண்டை அதுல இருக்கா? பாஸ்வேர்டு அனுப்பு."