ஹோம் நாஸில் ஃபைல் சிதறல்: ஈஎக்ஸ்டி4 நெடுநாள் பயன்பாட்டில்

ஓபன்மீடியாவால்ட் என்ற சாஃப்ட்வேர் ஓடும் நாஸ் (வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் பெட்டி), 4 டெராபைட் ஹார்டு டிஸ்க், அதில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை (ஃபைல் சிஸ்டம்) ஈஎக்ஸ்டி4. இப்படியொரு பெட்டியில் கம்ப்யூட்டரிலிருந்து காப்பி பண்ணிப் போட்ட படமும் போட்டோவும் வருஷக்கணக்கானாலும் பெரிதாகச் சிதறுவதில்லை, அதாவது டிஸ்கில் துண்டு துண்டாக வேறு வேறு இடங்களில் கிடப்பதில்லை. எழுத வேண்டியதைக் கொஞ்ச நேரம் மெமரியில் தேக்கி, மொத்தமாக இடம் பிடிப்பது ஈஎக்ஸ்டி4-இன் வழக்கம். வினை டோரன்ட்டில்தான். துண்டுகள் முன்பின்னாக வந்து, வந்தபடியே டிஸ்கில் உட்காரும்.

4 ஜிபி படம் 20,000 துண்டாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். டிஸ்கைப் படிக்கும் முனையான ஹெட், துண்டுக்குத் துண்டு தாவ ஒவ்வொரு தாவலுக்கும் 15 மில்லிசெகண்ட் எடுத்தால், தாவலுக்கே 300 செகண்ட். ஒரே சீராக இருந்தால் ஜிகாபிட் கேபிளில் முழு காப்பியும் 40 செகண்டுக்குள் முடிந்திருக்கும். இரண்டு மணி நேரப் படமாக ஓட்டும்போது இந்த ஐந்து நிமிஷம் கண்ணில் படாது. காப்பி, பேக்கப் என்று வரும்போதுதான் கழுத்தை அறுக்கும்.

டிஸ்கைத் திட்டுமுன் காப்பி ஆகும் வேகத்தைப் பாருங்கள். ஆடாமல் அசையாமல் செகண்டுக்கு 11, 12 எம்பியில் நின்றால் அது சிதறல் இல்லை. கேபிளோ ஸ்விட்சோ 100 மெகாபிட்டில் இணைந்திருக்கிறது. ஏறி இறங்கித் தடுமாறினால், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக) நுழைந்து ஃபோல்டர் மீது 'ஈ4டிஃபிராக் -சி' என்ற கமாண்டை ஓட்டுங்கள். மோசமான ஃபைல்களையும் ஒரு மதிப்பெண்ணையும் காட்டும். 30 வரை கவலையில்லை. 56-ஐத் தொட்டால் '-சி' இல்லாமல் அதே கமாண்டை ஓட்டிச் சரிசெய்யலாம். டிஸ்க் முழுக்க ஓட்டுவது வீண் வேலை, அந்த நாலைந்து ஃபைல் போதும். பேக்கப் இல்லாமல் தொடாதீர்கள்.

இந்தக் கருவி, ஃபைல் அளவுக்கு வேறு இடம் பிடித்து அங்கே மாற்றி எழுதும். காலி இடமே கந்தலாக இருந்தால் '-வி' போட்டு ஓட்டும்போது துண்டுகள் 1204-லிருந்து 1190 ஆனதாகக் காட்டிவிட்டு, பக்கத்தில் 'ஓகே' என்றும் போடும்! அந்த ஓகேயை நம்பக் கூடாது. 'ஈ2ஃப்ரீஃபிராக்' என்ற கமாண்ட் காலி இடத்தின் நிலையைச் சொல்லும். மோசமென்றால் பெரிய ஃபைல்களை வேறு டிஸ்குக்கு மாற்றி, இங்கே அழித்துவிட்டுத் திரும்பக் கொண்டுவருவதே வழி.

வரும்முன் தடுக்க, ட்ரான்ஸ்மிஷன் என்ற டோரன்ட் சாஃப்ட்வேரின் செட்டிங்ஸ் ஃபைலில் பிரீஅலொகேஷனை 1-லிருந்து 2 ஆக்குங்கள்; ஃபைலுக்கு வேண்டிய முழு இடத்தையும் முதலிலேயே பிடித்துவிடும். சர்வீஸை நிறுத்திவிட்டு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் அது மூடும்போது பழைய மதிப்பையே எழுதிவிடும். முடியாத டவுன்லோடுகளுக்குத் தனி ஃபோல்டர் வைப்பவர்கள் அதை வேறு டிஸ்கில் வைத்தால்தான் பலன். ஒரே பார்ட்டிஷனுக்குள் நகர்த்தினால் பெயர்தான் மாறும், துண்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

10 சதவீதமாவது காலியாக விடுங்கள். ரூட்டுக்கென ஒதுக்கிய 5 சதவீதத்தை 'டியூன்2எஃப்எஸ் -எம் 1' கொடுத்து 1 சதவீதமாகக் குறைத்தால் 4 டெராபைட்டில் 160 ஜிபி கிடைக்கும். கிடைத்ததும் அதையும் நிரப்பினால் பழைய கதைதான்.

ஈஎக்ஸ்டி4-க்குப் பதில் பீட்டிஆர்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தாது. அங்கே ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்து நிலையின் பதிவு) இருக்கும்போது டிஃபிராக் செய்தால், அதாவது சிதறலைச் சரிசெய்தால், அதோடு பகிர்ந்திருந்த பிளாக்குகள் பிரிந்து, இடம் இரட்டிப்பாகத் தின்னப்படும்.