மிச்சத்தில் பங்கு கேட்கும் எஸ்கோ: வேலைக்கு ஐந்து, பில்லுக்கு இரண்டு

நான் ஆலையில் கணக்குப் பிரிவைப் பார்ப்பவன். மின்சாரம் எனக்கு ஒரு செலவுத் தலைப்பு, அவ்வளவுதான். அதனால் இங்கே மோட்டார் புராணம் குறைவாகவும், பணம் எந்த வழியில் வந்து எந்த வழியில் போகிறது என்பது அதிகமாகவும் இருக்கும். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. தவிர, இந்தத் தொழிலில் எல்லாருடைய காகிதமும் ஏறக்குறைய ஒரே அச்சுதான்.

எஸ்கோ என்பது எரிசக்திச் சேவை நிறுவனம். ஆலைக்கு வந்து மின் தணிக்கை செய்வார்கள், தங்கள் பணத்தில் கருவிகளை மாற்றுவார்கள், குறைகிற கரண்ட் பில்லில் பங்கு எடுத்துக்கொள்வார்கள். இது ஒரு முறை. இன்னொரு முறையில் கடன் நம் பெயரில் இருக்கும். இவ்வளவு மிச்சமாகும் என்று அவர்கள் உத்தரவாதம் தருவார்கள், குறைந்தால் வித்தியாசத்தைக் கட்டுவார்கள். நாங்கள் எடுத்தது முதல் முறை. பேங்க் தரும் கடனுக்கான லிமிட் ஏற்கெனவே நிரம்பியிருந்தது. அதில் கைவைத்தால் மூலப்பொருள் வாங்க வழியில்லை.

பேங்கில் தனியாகக் கேட்டுப் பார்க்கவில்லையா என்றால், கேட்டோம். மேலாளர் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னார்: "புது மெஷின் வாங்கறீங்கன்னா பேசலாம் சார். பைப்புக்குச் சுத்தற இன்சுலேஷனையும், அடைச்ச ஓட்டையையும் எப்படி அடமானம் எழுதறது? நாளைக்கு ஏலம் விடணும்னா எதை விடறது?"

அவரைக் குறை சொல்ல முடியவில்லை. புது மெஷின் என்றால் விற்பனை ஏறும், கணக்கில் வரவு தெரியும். மின்சிக்கனம் என்பது வராமல் போன ஒரு செலவு. பேங்க் ஸ்டேட்மென்ட்டில் அதற்கு ஒரு வரி கிடையாது. இந்தத் தயக்கத்தை உடைக்கத்தான் தாய்லாந்து அரசு 2003இல் ஒரு சுழல் நிதி தொடங்கியது. அரசு பேங்குகளுக்கு வட்டியில்லாமல் பணம் கொடுத்தது. அவர்கள் ஆலைகளுக்கு 4 சதவீதத்துக்கு மேல் வாங்காமல் கடன் தர வேண்டும். ஆனால் கடன் திரும்பாவிட்டால் நஷ்டம் பேங்குக்கு. அதனால் கடன் அதிகாரிகள் வேறு வழியில்லாமல் பாய்லரையும் குளிரூட்டும் சில்லர் மெஷினையும் படிக்கத் தொடங்கினார்கள். இந்தியாவில் 2015இல் உலக வங்கி ஆதரவோடு சிட்பி என்ற சிறுதொழில் வளர்ச்சி வங்கி வழியாக வந்த திட்டம் வேறு மாதிரி: எஸ்கோ திட்டங்களுக்குக் கொடுத்த கடன் வராமல் போனால், அதில் ஒரு பகுதிக்குப் பொறுப்பேற்கும் ஏற்பாடு. எனக்குத் தாய்லாந்து வழிதான் பிடித்திருக்கிறது. பயத்துக்கு இன்ஷூரன்ஸ் கொடுப்பதைவிட, பயந்தவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்த வழி அது.

சரி, சேவைக்கு வருகிறேன். வேலை விஷயத்தில் தாராளமாக ஐந்துக்கு ஐந்து.

விடுமுறை நாளில் ஆலை முழுக்க நிறுத்தி, மெஷின்களுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் கம்ப்ரஸரை மட்டும் ஓடவிட்டார்கள். ஒரு மெஷினும் காற்று கேட்கவில்லை. ஆனாலும் கம்ப்ரஸர் லோடு ஆவதும் (காற்றை அழுத்துவது) அன்லோடு ஆவதுமாக (சும்மா சுற்றுவது) மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது. இளம் பொறியாளர் ஒருவர் ஸ்டாப்வாட்ச் வைத்து எழுதிக்கொண்டே வந்தார். கணக்கு சுலபம்: 40 நொடி லோடு, 80 நொடி அன்லோடு என்றால், 120இல் 40, அதாவது கம்ப்ரஸரின் முழுத் திறனில் மூன்றில் ஒரு பங்கு காற்று யாருக்கும் பயன்படாமல் வெளியே போகிறது. பிறகு ஹெட்போன் மாட்டிக்கொண்டு, காதுக்குக் கேட்காத ஒலியைப் பிடிக்கும் கருவியோடு பைப் பைப்பாகப் போனார். கப்ளிங், ஹோஸ் கிளாம்ப், மூடாமல் ஆப்பு வைத்துவிட்டிருந்த தண்ணீரை வடிக்கும் ஒரு வால்வு என்று ஒவ்வொன்றிலும் சீட்டு கட்டினார். எங்கள் மெயின்டனன்ஸ் பெரியவர் கூடவே நடந்தார். "இதெல்லாம் எனக்குத் தெரியாததா தம்பி? எழுதிக் குடுத்தா கையெழுத்துப் போட ஆள் வேணும்ல" என்று என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

ஓட்டைகளை அடைத்ததும் அழுத்தத்தையும் குறைத்தார்கள். அழுத்தத்தை 1 பார் (அதை அளக்கும் அலகு) இறக்கினால் கம்ப்ரஸர் மின்சாரம் ஏறக்குறைய 6, 7 சதவீதம் இறங்கும். காற்றாடியில் இன்னும் வேடிக்கை. காற்று போகும் வழியை அடைக்கும் டேம்பர் தகட்டைப் பாதி மூடிவிட்டு மோட்டாரை முழு வேகத்தில் ஓட்டிக்கொண்டிருந்தோம், பிரேக்கை மிதித்துக்கொண்டே ஆக்ஸிலரேட்டரை அழுத்துவதுபோல. வேகத்தை மாற்றும் டிரைவ் போட்டார்கள். காற்றாடிக்குத் தேவைப்படும் மின்சாரம் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் இறங்கும் என்பதால், வேகத்தை 20 சதவீதம் குறைத்தாலே மின்சாரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். இதில் மாயம் எதுவும் இல்லை. கை சுத்தமான வேலை.

இனி பில். ஐந்துக்கு இரண்டு, அதுவும் பிறகு திருத்தினார்கள் என்பதற்காக.

எவ்வளவு மிச்சம் என்று யார், எதை வைத்துச் சொல்வது? அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்த வரைவில், முழு ஆலையின் பழைய பில்லிலிருந்து புதிய பில்லைக் கழித்தால் வருவது மிச்சம். ஆர்டர் மந்தமான ஒரு காலாண்டில் பில் தானாகவே இறங்கியது. அதையும் தங்கள் சாதனையாகக் காட்டி இன்வாய்ஸ் அனுப்பிவிட்டார்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். மாதம் 1,00,000 யூனிட் எடுக்கும் ஆலை. அதில் 40,000 யூனிட், உற்பத்தி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஓடும் சுமை. மீதி 60,000 உற்பத்தியோடு ஏறி இறங்கும். உற்பத்தி பாதியானால், ஒரு நட்டைக்கூடத் தொடாமலே பில் 70,000 யூனிட் ஆகிவிடும். அந்த 30,000 யூனிட் மிச்சமா, மந்தமா? வியாபாரம் படுத்த மாதத்தில் எஸ்கோவுக்கு அதிகப் பணம் கட்ட வேண்டும் என்றால் அதைச் சேவை என்று எப்படிச் சொல்வது? ஆர்டர் ஏறினால் இதே சூத்திரம் அவர்களைக் கடிக்கும், அது வேறு.

இதற்கு உலக அளவில் ஒரு நெறிமுறை 1990களிலிருந்தே இருக்கிறது. ஐ.பி.எம்.வி.பி. என்பார்கள். அதில் நான்கு வழிகள் உண்டு. முழு ஆலை மீட்டரை வைத்துப் பார்ப்பது மூன்றாவது. மாற்றிய கருவியைத் தனியாக அளப்பது முதல் இரண்டு. கம்ப்யூட்டர் மாதிரியை வைத்துச் செய்வது நான்காவது. முழு ஆலை மீட்டரைப் பயன்படுத்தினாலும் உற்பத்தி மாறினால் அடிப்படைக் கணக்கைத் திருத்த வேண்டும் என்று அந்த நெறிமுறையே சொல்கிறது. அந்தத் திருத்தப் பத்தி வரைவில் மட்டும் எப்படியோ காணாமல் போயிருந்தது. இழுபறிக்குப் பிறகு கம்ப்ரஸருக்கும் காற்றாடிகளுக்கும் தனி மீட்டர் மாட்டினார்கள். அன்றிலிருந்து சண்டை இல்லை. இன்னொன்றையும் பாருங்கள்: மிச்சமாகும் யூனிட்டுக்கு எந்தக் கட்டணம் போடுகிறார்கள்? கட்டணம் குறைந்தாலும் தங்களுக்குக் குறையாதபடி ஒரு தரை விலை பின்பக்கத்தில் ஒளிந்திருக்கும்.

பங்கு சதவீதம் ஏன் அவ்வளவு அதிகம் என்று கேட்டபோது வந்த பதில் நேர்மையாக இருந்தது: "எங்களுக்கும் கடன்தானே சார்." அங்கேதான் வளரும் நாடுகளின் தலைவலியே. சூரிய மின்சாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதற்கு எரிபொருள் செலவு கிடையாது, செலவெல்லாம் முதல் நாளே. அதனால் யூனிட் விலையை வெயிலைவிட வட்டிதான் தீர்மானிக்கிறது. 100 முதல் போட்டு 20 வருடத்தில் சம தவணையாகத் திருப்பினால், 4 சதவீத வட்டிக்கு வருடம் சுமார் 7.4 கட்ட வேண்டும்; 12 சதவீதத்துக்கு 13.4. அதே பேனல், அதே வெயில், தவணை மட்டும் ஏறக்குறைய 1.8 மடங்கு.

கூரை சோலாருக்கு வெளிநாட்டுப் பசுமை நிதி கொண்டுவருகிறோம், வட்டி பாதிதான் என்று ஆசை காட்டினார்கள். படித்துப் பார்த்தால் யூனிட் விலை டாலரோடு கட்டப்பட்டிருந்தது. எங்கள் வரவு உள்ளூர்ப் பணத்தில்; அது சரிந்தால் வட்டியில் மிச்சம் பிடித்தது அத்தனையும் போய்விடும். இந்த அபாயத்தை ஏற்றுக்கொள்ளவே டிசிஎக்ஸ் என்ற நிதி 2007இல் தொடங்கப்பட்டது. ஆனால் அதற்கும் கட்டணம் உண்டு, கடைசியில் அதுவும் நம் தலையில்தான் இறங்கும். சோலாரை உள்ளூர்க் கடனில் செய்யலாம் என்று ஒத்திப்போட்டோம். ஒத்திப்போட்டது நல்லதாகவும் போயிற்று: தேவை குறைந்தபின் அளவெடுத்தால் முன்பு சொன்னதைவிடச் சின்ன பிளான்ட்டே போதும்.

இன்னொரு குறை. ஸ்டீம் ட்ராப் (பைப்பில் நீராவியை விடாமல் தண்ணீரை மட்டும் வெளியேற்றும் வால்வு) வேலையைத் தொடவே மாட்டோம் என்றார்கள். சின்னத் தொகை, கடன் கொடுப்பவர் பார்க்க மாட்டார் என்று காரணம். பெரிய கடனுக்கும் சின்னக் கடனுக்கும் காகித வேலை ஒன்றுதான் என்பது உண்மை. ஆனால் பங்களாதேஷில் இட்கால் என்ற அரசு நிதி நிறுவனம் 2003இலிருந்து இதைவிடத் துளித்துளியான கடன்களைச் சேர்த்து, 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீட்டு சோலார் அமைப்புகளை மாட்டியிருக்கிறது. அங்கே தவணை வசூலித்தது ஊரூராகப் போகும் சிறுகடன் அமைப்புகள். பின்னாலிருந்து பணம் கொடுத்தது ஒரே நிறுவனம். நாலு ஆலைகளின் ட்ராப் வேலையை ஒரே மூட்டையாகக் கட்ட எஸ்கோவுக்கு என்ன கஷ்டம்?

உற்பத்தி நிலையாக ஓடும், கடன் லிமிட் நிரம்பிய ஆலைக்கு இந்தச் சேவையைச் சிபாரிசு செய்வேன். கையில் லிமிட் இருந்தால் உத்தரவாத முறையை எடுங்கள், வட்டி வித்தியாசம் உங்களிடமே தங்கும். எதை எடுத்தாலும் தனி மீட்டர் இல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒப்பந்தம் முடியும்போது கருவிகள் நமக்கு வரும் என்பதால், கடைசி வருடத்தில் அவர்கள் பராமரிப்பைக் கைவிட வாய்ப்புண்டு. ஒப்படைக்கும் முன் சோதனை ஓட்டம், ஃபில்டர், பெல்ட் எல்லாம் அவர்கள் செலவு என்று ஒரு பத்தி சேர்க்கச் சொன்னோம். முணுமுணுத்தார்கள், சேர்த்தார்கள்.