பாத்தியில் கற்றதும் மண்டபத்தில் கேட்டதும்: மலையகத்தில் ஒரு விவசாய, சிறுதொழில் பயிற்சி பற்றிய மதிப்பீடு

மலையகத்தில் பயிற்சிப் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. ஒரு பதாதை, ஒரு குழுப்படம், தேநீருடன் ரோல்ஸ், கடைசியில் ஒரு சான்றிதழ் என்று முடிந்துவிடும் கூட்டங்களைப் பார்த்துப் பழகியவர்கள், விவசாயிகளுக்கும் வீட்டுத்தோட்டக்காரருக்கும் சிறுதொழில் செய்வோருக்கும் ஒரே பயிற்சி என்ற துண்டுப்பிரசுரத்தைக் கண்டதும் சிரித்துக்கொண்டே கடந்து போவது இயல்பு. அட்டன் பக்கத்தில் ஒரு சமூக அமைப்பு நடத்தும் இந்த மூன்று மாதப் பயிற்சியை நானும் அந்த ஐயத்துடனேயே தொடங்கினேன். முடித்த பின் சொல்லக்கூடியது இதுதான்: பாத்திக்குள் இறங்கி நடத்திய வகுப்புகள் மிகத் தரமானவை, மண்டபத்துக்குள் நடத்தியவை பெரும்பாலும் சொந்தக் காணியும் அதற்கான உறுதிப் பத்திரமும் கையில் உள்ளவர்களை எண்ணி வகுக்கப்பட்டவை. வந்திருந்தவர்களில் பாதிப் பேரிடம் அந்த இரண்டும் இல்லை.

வகுப்புகள் சனிக்கிழமைகளில் சனசமூக நிலையத்திலும், அதன் கீழே உள்ள மரக்கறிப் பாத்திகளிலும் நடந்தன. கட்டணம் இல்லை, பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் நம்முடைய பொறுப்பு. மரக்கறிச் செய்கை, கூட்டெருவும் வீட்டுத்தோட்டமும், சிறுதொழில் என மூன்று பகுதிகள். கொழுந்து பறிக்கும் பெண்கள், கிராமப்புறத்திலிருந்து வந்த லீக்ஸ், கறட் செய்கையாளர்கள், ஓரிரு தேயிலைச் சிறுபற்று உரிமையாளர்கள், பலகாரம் செய்து விற்கும் சில குடும்பத் தலைவிகள் என்று கலவையான கூட்டம். இப்படிப்பட்ட கூட்டத்துக்குப் பாடம் நடத்துவது எளிதன்று என்பதையும் மதிப்பிடும்போது மனதில் கொள்ள வேண்டும்.

இந்தப் பயிற்சியின் உச்சம் மண் பற்றிய வகுப்புத்தான். நடத்தியவர் ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியர் ஒருவர். கரும்பலகையில் எதையும் எழுதுவதற்கு முன், உச்சி வெயிலில் வாடித் தலை தொங்கிக்கொண்டிருந்த ஒரு கோவாச் செடியை வேரோடு பிடுங்கி, மண்ணை உதறி, எல்லோரது கைக்கும் மாற்றிவிட்டார். வேர் மெல்லிய நார்களாக இல்லாமல் இஞ்சிக் கிழங்கைப் போல முண்டுமுண்டாக வீங்கியிருந்தது. நுவரெலியா மாவட்டத்தில் கோவா போடுபவர்களுக்குத் தலைவலியாக இருக்கும் கிளப் ரூட் எனப்படும் வேர்வீக்க நோய் இது. காலையில் செழிப்பாக நிற்கும் செடி மத்தியானத்தில் வாடி, மாலையில் மீண்டும் நிமிர்வதால் பலர் தண்ணீர் போதவில்லை என்று எண்ணி மேலும் ஊற்றுகிறார்கள். ஈரம் கூடிய மண்ணில்தான் நோய்க்கிருமி இன்னும் வேகமாகப் பரவுகிறது. வீங்கிய வேர் அழுகும்போது கிருமியின் வித்திகள் மண்ணில் கலந்து பத்து வருடங்களுக்கு மேலும் உயிரோடு கிடக்கும் என்பதையும், முள்ளங்கி, நோக்கோல், பூக்கோவா, கடுகு ஆகியனவும் அதே குடும்பம் என்பதால் கோவாவை எடுத்துவிட்டு அவற்றைப் போடுவது பயிர்ச்சுழற்சி ஆகாது என்பதையும், போஞ்சியோ லீக்ஸோ கறட்டோ தான் மாற்றுப் பயிர் என்பதையும் அவர் அந்த ஒரு செடியை வைத்தே விளக்கினார்.

அதன் பிறகுதான் மண் பரிசோதனை. பங்குபற்றியவர்கள் தத்தம் பாத்தியிலிருந்து கொண்டுவந்த மண்ணைக் காய்ச்சிவடித்த நீரில் கலக்கி, நிறங்காட்டித் துளிகளை விட்டு, நிற அட்டையுடன் ஒப்பிட்டோம். தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் உள்ள பாத்திகளின் மண் பெரும்பாலும் பிஎச் 5 இற்குக் கீழே இருந்தது (பிஎச் எண் குறையக் குறைய மண்ணின் புளிப்பு கூடும்). அதில் வியப்பில்லை, அவை தேயிலைக் காணியின் ஓரங்கள், தேயிலைக்கு ஏற்றதே 4.5 முதல் 5.5 வரையிலான புளித்த மண்தான். கோவாவுக்கோ 6 இற்கு மேல் வேண்டும். 7 ஐத் தாண்டும்போதுதான் வேர்வீக்க நோய் நன்றாக அடங்குகிறது. புளிப்பைக் குறைக்க டொலமைட் என்ற சுண்ணாம்புத் தூளைப் போட வேண்டும் என்று அவர் சொன்னதும் ஒரு தாய் எழுந்தார்.

“சேர், சுண்ணாம்புச் சத்து போட்டா தேயிலைக்கு ஆகாதுன்னு எங்க கணக்கப்பிள்ளை சத்தம் போடுவாரு.”

“அவர் சொல்றதும் சரிதாம்மா. பாத்திக்கு மட்டும் போட்டு மண்ணோட கலந்துவிடுங்க. கீழ இருக்கிற தேயிலைக்கு வடியாம குறுக்கால ஒரு கான் வெட்டிவிடுங்க. அப்புறம் அவரே வந்து பார்க்கட்டும்.”

கான் வெட்டத் தெரியாத தோட்டத் தொழிலாளி இல்லை. கையில் ஏற்கெனவே இருக்கும் அந்த அறிவின் மேல் புதிய பாடத்தை ஏற்றி வைத்த இந்தப் பதில்தான் இந்தப் பயிற்சியின் நல்ல பக்கத்துக்கு எனக்குத் தெரிந்த சிறந்த சான்று. டொலமைட் மெதுவாகவே கரையும் என்பதால் நாற்று நடுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பே போட வேண்டும் என்பதையும், நோய் கண்ட பாத்தியில் பயன்படுத்திய மண்வெட்டியைக் கழுவாமல் பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்தால் நோயையும் சேர்த்தே கொடுக்கிறோம் என்பதையும் அவர் வலியுறுத்தினார். இரண்டாவது செய்தி சிலருக்குச் சங்கடமாக இருந்தது. ஒரே லயத்தில் ஒரு மண்வெட்டி பத்துக் கை மாறுவது வழக்கம்.

கூட்டெரு வகுப்பு நேர்மையாக நடந்தது என்பதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். 2021 ஏப்ரலில் இரசாயனப் பசளை இறக்குமதி ஒரேயடியாக நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டு, அந்த ஆண்டு நவம்பரிலேயே அந்தக் கொள்கை கைவிடப்படுவதற்குள் மரக்கறிச் செய்கையாளரும் தேயிலைச் சிறுபற்றாளரும் பட்ட பாடு இன்னும் யாருக்கும் மறக்கவில்லை. எனவே சேதனப் பசளை என்றாலே முகத்தைத் திருப்புகிறார்கள். பயிற்றுநர் கூட்டெருவை மந்திரமாகக் காட்டாமல் கணக்கைப் போட்டுக் காட்டினார். யூரியாவில் 46 சதவீதம் நைதரசன் உள்ளது. நன்றாகச் செய்த கூட்டெருவில் ஒன்றரை சதவீதம் இருந்தால் நல்லது. அப்படியானால் பத்துக் கிலோ யூரியா தரும் நைதரசனுக்குச் சுமார் 300 கிலோ கூட்டெரு வேண்டும், அதைச் சரிவில் தூக்கிக்கொண்டு ஏறப்போவது யார் என்று கேட்டார். கூட்டெருவின் பயன் மண்ணின் பொலபொலப்பிலும் ஈரம் காப்பதிலும் இருக்கிறது, சத்துக்கு இரண்டையும் சேர்த்தே கையாள வேண்டும் என்று அவர் வந்து சேர்ந்த முடிவை அங்கே யாரும் மறுக்கவில்லை. பாதையோரமெங்கும் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும் காட்டுச் சூரியகாந்தியின் தழையை வெட்டி, சாணத்தோடும் காய்ந்த புல்லோடும் அடுக்கும் முறையைச் செய்து காட்டினார்கள். காசு கொடுத்து வாங்க வேண்டாத பொருள் என்பதால் இதைப் பலர் வீட்டில் செய்து பார்த்திருக்கிறார்கள்.

பீடைநாசினி பற்றிய வகுப்பு சுருக்கமானது, ஆனால் மறக்க முடியாதது. தெளிகருவியில் சாயம் கலந்த தண்ணீரை நிரப்பி, தெளிப்பவரின் காலிலும் முதுகிலும் வெள்ளைத் தாளைக் குத்திவிட்டு, காற்றுக்கு எதிராக ஒரு வரிசை தெளிக்கச் சொன்னார்கள். தாள் என்ன நிறமானது என்று நான் எழுத வேண்டியதில்லை. கடைசியாக மருந்தடித்த நாளுக்கும் அறுவடைக்கும் இடையில் எத்தனை நாள் விட வேண்டும் என்பது போத்தலின் லேபிளிலேயே இருக்கிறது என்பதை, பல வருடங்களாக மருந்தடிப்பவர்கள்கூட அன்றுதான் வாசித்தார்கள்.

இனி குறைகள். மூன்றாம் பகுதியான சிறுதொழில் வகுப்பை நடத்தியவர்கள் நகரத்திலிருந்து வந்தவர்கள். திரையில் படம் காட்டி, ஏற்றுமதி, சுற்றுலாப் பயணிகள், ஸ்ட்ரோபெரி, பொலித்தீன் கூடாரம் என்று அடுக்கினார்கள். கூடாரம் அமைக்கக் கடன் பெறலாம் என்றார்கள்; கடனுக்கு எதைப் பிணையாக வைப்பது என்ற கேள்விக்குக் காணி உறுதி என்று பதில் வந்தது. தோட்டங்களின் முகாமைத்துவம் 1992 இல் கம்பனிகளுக்குப் போன பின்னும், லயத்துப் பாத்தி என்பது தோட்ட நிர்வாகம் கண்டும் காணாமலும் விட்டுவைத்திருக்கும் நிலம்தான். அதில் நிரந்தரமாக ஒரு கம்பு நடுவதற்கே அனுமதி வேண்டும். தனிவீட்டுத் திட்டத்தில் 7 பேர்ச் காணி கிடைத்தவர்களுக்கும் அது ஏறத்தாழ 177 சதுர மீட்டர். வீடு போக எஞ்சுவது சில பாத்திகள். கால் ஏக்கருக்கான சொட்டுநீர்ப் பாசனத் திட்டத்தை அவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்ததைக் கேட்கச் சங்கடமாக இருந்தது. அந்த நேரத்தில் சரிவுப் பாத்திக்குக் கல் வரம்பு கட்டுவதையோ, சாக்கிலும் பழைய வாளியிலும் மரக்கறி வளர்ப்பதையோ காட்டியிருக்கலாம்.

உணவுப் பொருள் பொதி செய்வது பற்றிய வகுப்பிலும் இதே சிக்கல். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொன்னார்கள்: உள்ளடங்கிய பொருட்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, உற்பத்தியாளரின் பெயரும் முகவரியும். கறித்தூள் செய்து விற்கும் ஒரு பெண், தனக்கெனத் தனி முகவரி இல்லை, கடிதம் தோட்டத்து ஆபீசுக்கே வரும், லேபிளில் எதைப் போடுவது என்று கேட்டார். பதில் இல்லை, அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். இதற்குப் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிவுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரையோ பொதுச் சுகாதாரப் பரிசோதகரையோ ஒரு மணி நேரம் அழைத்திருந்தால் போதும். கொடுத்த மாதிரிப் படிவங்களும் சிங்களத்தில் மட்டுமே இருந்தன.

அந்தப் பகுதியில் காப்பாற்றத்தக்க ஒரே வகுப்பு விலைக் கணக்கு. பால் டொபி செய்யும் ஒருவரை முன்னால் அழைத்து, சீனி, பால் மட்டுமல்லாமல் விறகு, பொதி உறை, ஆட்டோக் காசு, அவருடைய அரை நாள் உழைப்பு என ஒவ்வொன்றாக எழுத வைத்தார்கள். கூட்டி முடித்தபோது விற்பனை விலை அடக்க விலைக்கும் கீழே நின்றது. மண்டபம் சிறிது நேரம் அமைதியாக இருந்தது. பிறகு ஆளாளுக்குத் தங்கள் கணக்கைப் போடத் தொடங்கினார்கள். மரக்கறிச் செய்கையாளருக்கும் இதே பயிற்சியைத் தரகர் கமிஷன், எடைக்கழிவு, லொறிக் கூலி ஆகியவற்றோடு செய்து, நுவரெலியாவில் கொடுப்பதா, கெப்பெட்டிபொல அல்லது தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு அனுப்புவதா என்று ஒப்பிட்டிருந்தால் அதன் பயன் இரட்டிப்பாகியிருக்கும்.

காளான் வளர்ப்பு வழமையானதுதான். பத்துக் கிலோ இறப்பர் மரத்தூளுக்கு ஒரு கிலோ அரிசித் தவிடு, சிறிதளவு கல்சியம் காபனேற்று, சோயா மா, எப்சம் உப்பு என்ற கலவையை உறையில் அடைத்து ஆவியில் அவிக்கும் முறையைச் சரியாகவே கற்பித்தார்கள். ஆனால் இறப்பர் மரத்தூள் கீழ்நாட்டிலிருந்து வர வேண்டும், அந்தச் செலவு யாருடைய கணக்கிலும் சேரவில்லை.

நாள் தெரிவும் மறுபரிசீலனைக்கு உரியது. சனிக்கிழமை தோட்டத்தில் வேலை நாள். வகுப்புக்கு வந்தால் ஒரு பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போய்விடும், ஆகவே கொழுந்து பறிக்கும் பெண்கள் தொடக்கத்தில் வந்த அளவுக்குக் கடைசியில் வரவில்லை. அவர்களுக்கு ஆர்வம் குறைந்துவிட்டது என்று ஏற்பாட்டாளர் ஒருவர் சொன்னதை நான் ஏற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றினால் கோயில், துணி துவைப்பு, பிள்ளைகளின் டியூஷன் என்று வேறு நெருக்கடிகள் இருக்கும்தான். என்றாலும் அது சம்பளத்தில் கை வைக்காது.

இன்னொன்று. தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம், நுவரெலியாவுக்கு அருகே சீதாஎலியவில் விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் என்று பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரத்தில் இரண்டு பெரிய நிறுவனங்கள் இருந்தும், ஒரு களப் பயணம்கூட நிகழ்ச்சி நிரலில் இல்லை. உருளைக்கிழங்கில் இலைக்கருகல் பற்றிய சந்தேகங்களுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 ஆலோசனை இலக்கத்தைப் பலகையில் எழுதிவிட்டதோடு சரி. அந்தச் சேவை பயனுள்ளதே, ஆனால் கருகிய இலையைத் தொலைபேசியில் காட்ட முடியாது.

மரக்கறிப் பாத்தி உள்ளவர்கள், அது நான்கு அடிப் பாத்தியாக இருந்தாலும், முதல் இரண்டு பகுதிகளுக்கும் தயங்காமல் போகலாம். போகும்போது பாத்தியின் நாலைந்து இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாகக் கலந்த மண்ணை ஒரு உறையில் கொண்டுபோக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்க நேரிடும். தேயிலைச் சிறுபற்று உரிமையாளர்களுக்கு இதில் அதிகமில்லை. அவர்களுக்கென்றே 1975 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட தேயிலை சிறுபற்று நில அபிவிருத்தி அதிகாரசபையின் பரிசோதகரைப் பிடிப்பதே மேல். பலகாரம், கறித்தூள் விற்பவர்கள் விலைக் கணக்கு நடக்கும் நாளை முன்கூட்டியே விசாரித்து அன்று மட்டும் போனால் போதும். முடிவில் தரப்படும் சான்றிதழ் என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற்தகைமைத் தரத்தில் அடங்காது என்பதால், வேலைக்கோ மேற்படிப்புக்கோ தகைமை தேடும் இளைஞர்கள் தொழிற்பயிற்சி அதிகாரசபையின் பாடநெறிகளை விசாரிப்பது நல்லது.