காரைத் தாழ்த்துவது: பின்வாசலா, மதுரைக் கடையா?

ஒரே மாடல், ஒரே ஸ்பிரிங், இரண்டு வண்டிகள். ஒன்று என்னுடைய 2014 ஸ்விஃப்ட். காரைக்குடியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில், குட்டையான ஸ்பிரிங் போட்டு, வண்டி நிற்கும் உயரத்தை நானே தாழ்த்தியது. இன்னொன்று மச்சானுடையது, மதுரையில் ஒரு கடையில் காசு கொடுத்துத் தாழ்த்தியது. இரண்டும் ஒரே மாதத்தில் நடந்தன. ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. யார் செய்தது சரி என்று வீட்டில் யாருக்கும் அக்கறை இல்லை. அப்பச்சி கேட்டது ஒன்றுதான்: "காசு குடுத்து வண்டியை உக்கார வச்சியாக்கும்?"

அதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. நிற்கும்போது அழகாக இருக்கிறது, வளைவில் சாய்வது குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். தாழ்த்தலாமா வேண்டாமா என்பதை உங்கள் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். தாழ்த்துவது என்று முடிவான பிறகு யார் கையால் என்பதைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். நான் பின்வாசல் கட்சி என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

யார் செய்தாலும் மாறாதவை சில இருக்கின்றன. முதலாவது சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியில் எதையும் மாற்றக் கூடாது. 2019-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கடைக்காரர் செய்தாலும் மாட்டுவது வண்டிக்காரர்தான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. அடுத்தது தரை இடைவெளி. இந்த ஸ்விஃப்டுக்கு 170 மி.மீ. எங்கள் ஸ்பிரிங் 35 மி.மீ. இறக்கும், மீதி 135, அதுவும் ஆள் ஏறாதபோது. இந்திய சாலைக் காங்கிரஸ் அளவுப்படி வேகத்தடை என்பது 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அந்த அளவில் போட்டிருந்தால் தாழ்ந்த வண்டியும் மெதுவாக ஏறி இறங்கிவிடும். தெருக்காரர்கள் ராத்திரியோடு ராத்திரியாகப் போட்டுக்கொள்ளும் மேட்டுக்கு எந்த அளவும் கிடையாது. அதைவிடப் பெரிய சோதனை நம் வீடுகள்தான். தெருவைவிட உயர்த்திக் கட்டிய வீடு. பின்வாசலில் வண்டி ஏறச் சரிவு போட்டிருப்பார்கள். எங்கள் சரிவில் நேராக ஏறினால் முன்பம்பர் உரசுகிறது. கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி எடுக்க வேண்டும். மச்சான் வீட்டிலும் அதே கதைதான்.

மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது, அதை இங்கேயே தள்ளிவிடலாம். உள்ளூர்ப் பட்டறையில் முதலில் கேட்டபோது, "எதுக்குண்ணே புது ஸ்பிரிங்? உள்ளதுல ஒரு சுத்து எடுத்துட்டாப் போதும்" என்று க்ரைண்டரைக் காட்டினார் தம்பி. ஸ்பிரிங்கில் வேலை செய்யும் சுற்று குறைந்தால் விறைப்பு கூடும். ஆறில் ஒன்றை எடுத்தால் இருபது சதவீதம். அதுகூடப் பரவாயில்லை. நீளம் குறைந்துபோனதால், வண்டி ஒரு பள்ளத்தில் துள்ளிச் சக்கரம் கீழே தொங்கும் அந்த நொடியில் ஸ்பிரிங் தன் இருக்கையில் தளர்ந்துவிடும். திரும்ப உட்காரும்போது சரியான இடத்தில் உட்காருமா என்பது அதன் இஷ்டம். கேஸ் வைத்துச் சூடாக்கி இறக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும். ஐந்நூறு ரூபாயில் முடியும் வேலைதான். வேண்டாம்.

பணக் கணக்கைப் பார்த்தால் நான்தான் தோற்றேன். ஸ்பிரிங் செட் இருவருக்கும் ஒரே விலை. மச்சானுக்குக் கூலியும், சக்கரக் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட்டும் சேர்த்து 6,500. நான் வாங்கிய இரண்டு ஜாக்கி ஸ்டாண்டு, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கம்ப்ரஸர், நட்டை அளவோடு இறுக்கும் டார்க் ரெஞ்ச் எல்லாம் சேர்ந்து 7,700. அலைன்மென்ட்டுக்கு 500 தனி. மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து இந்த வேலையில் இறங்காதீர்கள்.

வேலை எப்படி என்றால், பின்பக்கம் விளையாட்டு, முன்பக்கம் வினை.

ஸ்விஃப்டில் பின்பக்கம் ஸ்பிரிங்கும், துள்ளலை அடக்கும் ஷாக்கும் (ஷாக் அப்சார்பர்) தனித்தனி. குறுக்கே போகும் பீமுக்கு அடியில் ஜாக்கி கொடுத்து, இரண்டு ஷாக்கின் கீழ் போல்ட்டையும் கழற்றி, பீமை மெல்ல இறக்கினால் ஸ்பிரிங் கையோடு வந்துவிடும். கம்ப்ரஸர் தேவையில்லை. பிரேக் ஹோஸ் இழுபடாமல் பார்த்துக்கொண்டால் சரி. ஆனால் வண்டி நிற்கும் தரை முக்கியம். எங்கள் பின்வாசல் செம்மண். ஸ்டாண்டின் கால் பத்து நிமிஷத்தில் ஒரு விரற்கடை இறங்கியிருந்ததைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. உள்ளே ஆத்தங்குடிக்கல் பதித்த தாழ்வாரத்தில் ஜாக்கியை வைத்தால் கல்லும் உடையும், என் மண்டையும் உடையும். கடைசியில், வீடு கட்டியபோது மிஞ்சிக் கட்டுத்தறையில் கிடந்த பர்மாத் தேக்குத் துண்டுகள் நாலைக் கொண்டுவந்து அடியில் கொடுத்தேன். வண்டி அசையவில்லை. அசைந்தது ஆயாதான். "அதை எதுக்குடா எடுத்தே? கதவுக்கு வச்சிருந்தது!" என்று தொடங்கியவர்கள் சாப்பாட்டு நேரம் வரை நிறுத்தவில்லை.

முன்பக்கத்தில் ஸ்பிரிங் ஷாக்கின் மேலேயே அமுங்கி உட்கார்ந்திருக்கும். இரண்டும் சேர்ந்ததைத்தான் ஸ்ட்ரட் என்பார்கள். கம்ப்ரஸரின் கொக்கிகளை இரண்டு பக்கமும் மாட்டி, மாற்றி மாற்றி முறுக்கி அமுக்கிய பிறகுதான் மேல்நட்டைத் தொடலாம். இடது பக்கம் செய்யும்போது ஒரு கொக்கி அரை அங்குலம் வழுக்கியது. ஒரு சத்தம்தான் வந்தது, வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அதற்கப்புறம் அந்தச் சாமானைத் தொட எனக்கு மனம் வரவில்லை. வலது பக்க ஸ்ட்ரட்டை வண்டியிலிருந்து கழற்றி, சாக்கில் சுற்றி, டூவீலரில் வைத்து அதே பட்டறைத் தம்பியிடம் கொண்டுபோனேன். அவரிடம் சுவரில் பொருத்திய பெரிய கம்ப்ரஸர் இருக்கிறது. புது ஸ்பிரிங்கை மாற்றிக் கொடுத்தார், 300 ரூபாய். நான் செய்ததிலேயே புத்திசாலித்தனமான காரியம் இதுதான். கழற்றுவதும் மாட்டுவதும் நம் வேலை, ஸ்பிரிங்கை அமுக்குவது மட்டும் அவர் வேலை. இன்னொரு முறை செய்தால் கம்ப்ரஸரே வாங்க மாட்டேன்.

இவ்வளவு பயத்துக்கும் செலவுக்கும் பிறகு ஏன் பின்வாசல் கட்சியில் நிற்கிறேன் என்றால், அதற்கு ஒரே ஒரு காரணம்தான்: வண்டியைத் தாழ்த்துவது ஒரு தடவையில் முடிகிற வேலை இல்லை. முதல் சில நூறு கிலோமீட்டரில் புது ஸ்பிரிங்கும் ரப்பர் இருக்கையும் இன்னும் கொஞ்சம் அமரும். உயரம் மாறினால் முன்சக்கரத்தின் டோ, அதாவது சக்கரம் நேராக இல்லாமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு, மாறும். டோ வெளிநோக்கி மாறினால் டயரின் உள்ஓரம் தேயும். வெளியிலிருந்து பார்த்தால் புது டயர் மாதிரியே இருக்கும். எங்கேயாவது ஒரு நட்டு சத்தம் போடும். ஒரு பக்கம் மறுபக்கத்தைவிடக் கொஞ்சம் தாழும். விற்கும் நாள் வந்தால் பழைய ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்ட வேண்டும். எப்படியும் இரண்டாம் முறை திறந்தே ஆக வேண்டும். யார் திறப்பது?

மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். கடைக்காரரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. "ஐந்நூறு கிலோமீட்டர் ஓட்டிட்டு ஒரு தடவை கொண்டாங்க சார், சும்மாவே பார்த்துத் தரேன்" என்றுதான் சொல்லி அனுப்பினார். காரைக்குடியிலிருந்து மதுரை தொண்ணூறு கிலோமீட்டர். போக வர ஒரு நாள் போய்விடும். முதல் வாரம் கல்யாணம், அடுத்த வாரம் மழை, அப்புறம் மறதி. இடது முன்பக்கத்தில் 'டொக் டொக்' என்று சத்தம் வந்த பிறகுதான் நினைவு வந்தது. அப்போதும் மதுரை போகாமல், இங்கேயே அலைன்மென்ட் பார்த்தான். இரண்டாவது மாதம் டோ மறுபடி விலகியது. மறுபடி பார்த்தான். சத்தத்துக்காக உள்ளூர் மெக்கானிக்குகள் இரண்டு பேரிடம் போனான். இரண்டு பேரும் ஒன்றையே சொன்னார்கள்: "வேற ஆள் செஞ்ச வேலைண்ணே. நான் தொட்டா பழி என் மேல வரும்." 11,000 கிலோமீட்டரில் இரண்டு முன்டயர்களிலும் உள்ஓரம் கம்பி தெரிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே அடியில் படுத்துப் பார்த்தேன். முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், வண்டியோடு சேரும் மூட்டில் உள்ள ரப்பர் புஷ் நடுவில் கிழிந்து, விரல் நுழையும் அளவு வாய் பிளந்திருந்தது. அதுதான் டோவை ஓரிடத்தில் நிற்க விடவில்லை. ஏன் கிழிந்தது என்று என்னால் ஊகிக்கத்தான் முடியும். அந்த புஷ்ஷில் ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியிருக்கும். போல்ட்டை முறுக்கியதும் நடுக்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் ஆர்ம் ஏறி இறங்குவதெல்லாம் ரப்பர் முறுகுவதால்தான். வண்டி லிஃப்டில் தொங்கும்போது முறுக்கிவிட்டால், கீழே இறக்கியதிலிருந்து ரப்பர் எப்போதும் முறுகிய நிலையிலேயே இருக்கும். அதனால் போல்ட்டைத் தளர்வாக விட்டு, சக்கரம் தரையில் பாரத்தோடு நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். பின் பீமுக்கும் இதே விதி. லிஃப்டில் வரிசையாக வண்டி ஏறி இறங்கும் கடையில் இதற்கு யார் நின்று மெனக்கெடுவார்கள்? சில இடங்களில் மெனக்கெடலாம். பழைய வண்டி என்பதால் புஷ் ஏற்கெனவே நைந்துபோயிருந்ததும் காரணமாக இருக்கலாம்.

என் வண்டியிலும் தப்பு நடந்தது. மூன்றாவது வாரம் அளந்தபோது வலது முன்பக்கம் 8 மி.மீ. உயரமாக நின்றது. ஸ்பிரிங்கின் நுனி கீழ்த்தட்டில் அதற்குரிய பள்ளத்தில் சேராமல், மேட்டில் ஏறி உட்கார்ந்திருந்தது. எந்த நட்டு எங்கே இருக்கிறது, எதற்கு எந்த ஸ்பேனர் என்று கை அறிந்த வேலை. காலையில் கழற்றினேன், பட்டறைத் தம்பியிடம் இன்னொரு 300, மதியச் சாப்பாட்டுக்கு முன் வண்டி தரையில் நின்றது. மறுநாள் அலைன்மென்ட். மதுரைக்குப் போக வேண்டிய வேலையாக இருந்திருந்தால், உள்ளதைச் சொன்னால், நானும் 8 மி.மீ.தானே என்று விட்டிருப்பேன். டயர் இப்போது 14,000 தாண்டிச் சமமாகத் தேய்கிறது.

மதுரையிலோ திருச்சியிலோ குடியிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு தலைகீழ். நல்ல கடை வீட்டிலிருந்து பத்து நிமிஷத்தில் இருந்தால் நானும் அங்கேயே கொடுத்திருப்பேன். காங்கிரீட் தரை இல்லாதவர்கள், கூட நிற்க ஓர் ஆள் இல்லாதவர்கள், ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பவர்கள் தயவுசெய்து கடைக்குப் போய்விடுங்கள். உயரத்தைத் திருகி மாற்றும் காயில்ஓவர் வகையை நான் தொட்டதில்லை. பின்பக்கம் பீம் இல்லாமல், ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் பிடித்திருக்கும் பெரிய கார்களிலும் எனக்கு அனுபவம் கிடையாது. அங்கே பின்சக்கரத்துக்கும் அலைன்மென்ட் உண்டு, ஸ்விஃப்டை வைத்து அதற்கு யோசனை சொல்ல மாட்டேன்.

இரண்டு பேருக்கும் பொதுவாக ஒன்று: கழற்றிய பழைய ஸ்பிரிங்கைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள். மச்சான் விட்டுவிட்டு வந்தான். என்னுடையவை நாலும் எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, மேல்மாடியில் பழைய பித்தளை அண்டாவுக்குள் கிடக்கின்றன.

புது புஷ் வாங்கியாகிவிட்டது. வருகிற ஞாயிறு மச்சான் வண்டி எங்கள் பின்வாசலுக்கு வருகிறது. விஷயம் காதில் விழுந்ததும் ஆயா நாலு தேக்குத் துண்டுகளையும் எடுத்து இரட்டை அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சாவி இடுப்பில் இருக்கிறது.