முதல் பிசி அசெம்பிள்: 5600ஜி-யா, ஐ3 + கார்டா, இல்ல கடைக்காரர் காட்டுற பழைய ஐ7-ஆ?

மானிட்டர், கீபோர்டெல்லாம் தனி, சிபியு பெட்டி மட்டும் 50,000 ரூபாய் பக்கம்னு வச்சுக்கங்க. இந்த பட்ஜெட்ல முதல் தடவ அசெம்பிள் பண்றவங்க எல்லாருமே இன்டெல்லா ஏஎம்டி-யான்னுதான் ஆரம்பிக்கிறாங்க. என்னக் கேட்டா அத கடைசில பாத்துக்கலாம். கிராபிக்ஸ் கார்டு இப்பவே வாங்கப் போறீங்களா, கொஞ்சம் தள்ளி வாங்கப் போறீங்களா, இல்ல வாங்கவே போறதில்லையா, இத முதல்ல முடிவு பண்ணுங்க, பிராசசர் போர்டு ரேம் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) எல்லாம் தானா அதுக்கு ஏத்த மாதிரி அமைஞ்சிரும். ஐட்டம் ஐட்டமா விலை போடல, ஏன்னா 2025 கடைசில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரங்க மெமரிய அள்ளிக்கிட்டுப் போறதுல ரேம் விலை ஏறுற ஏத்தத்துக்கு இன்னைக்கு எழுதுன ரேட்டு அடுத்த வாரம் செல்லாது.

கார்டே வேணாம், காலேஜ் ப்ராஜெக்ட், கோடிங், படம், நடுவுல கொஞ்சம் வேலரன்ட்னா ரைசன் 5 5600ஜி போதும். 6 கோர் (உள்ள இருக்கிற மூளைங்க), 12 த்ரெட் (ஒரே நேரத்துல எடுத்துக்கிற வேலைங்க), உள்ளயே வேகா கிராபிக்ஸ். வேலரன்ட் மாதிரி லைட்டான கேம் 1080பி-ல நல்லாவே ஓடும், ஜிடிஏ 5 கூட செட்டிங்ஸ கொறச்சா விளையாடலாம், புதுசா வர்ற பெரிய கேமையெல்லாம் எதிர்பாக்காதீங்க. இதுல ஒரே கண்டிஷன், ரேம் 8 ஜிபி ரெண்டு குச்சியா இருக்கணும். அந்த கிராபிக்ஸுக்குன்னு தனி மெமரி கிடையாது, நம்ம ரேம்ல இருந்துதான் எடுத்துக்கும், ஒத்தக் குச்சி போட்டா பாதி வழிய அடச்ச மாதிரி ஆயிரும், எஃப்பிஎஸ் (கேம்ல ஒரு செகண்டுக்கு வர்ற ஃப்ரேம்) இறங்குறது கண்ணுக்கே தெரியும். "இப்ப ஒண்ணு போடுங்க சார், அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்"னு கடையில சொன்னா 5600ஜி-க்கு மட்டும் ஒத்துக்காதீங்க.

"சரி, 5600ஜி இப்ப வாங்குறேன், போனஸ் வந்ததும் கார்டு போடுறேன்"னு நிறைய பேர் ப்ளான் பண்றாங்க. இங்கதான் எனக்கு உடன்பாடில்ல. பேரு கிட்டத்தட்ட ஒண்ணா இருந்தாலும் 5600-ம் 5600ஜி-யும் ஒண்ணு கிடையாது, 5600-ல எல்3 கேஷ் (பிராசசருக்குள்ளயே இருக்கிற வேகமான மெமரி) 32 எம்பி, 5600ஜி-ல 16 தான், போதாக்குறைக்கு கார்டுக்குப் போற வழியான பிசிஐ எக்ஸ்பிரஸ்ல 5600ஜி பழைய 3.0-வோட நின்னுரும். கார்டு போட்டதுக்கப்புறம் உள்ள இருக்கிற வேகா சும்மாதான் கெடக்கும், ஆனா அதுக்காக விட்டுக்கொடுத்த கேஷ் திரும்பி வராது. கார்டு வாங்குறது உறுதின்னா நான் ஐ5-12400 எடுக்கச் சொல்வேன், பின்னாடி எஃப் இல்லாதது. 6 கோர் 12 த்ரெட், யுஎச்டி 730 கிராபிக்ஸ். கேமுக்கு வேகா பக்கத்துலயே வராது, ஒத்துக்கிறேன். ஆனா டிஸ்ப்ளே வரும், ஏவி1-ங்கிற புது வீடியோ ஃபார்மேட்ட ஹார்டுவேர்லயே டீகோட் பண்ணும் (5600ஜி-யால முடியாது), வீடியோ எடிட் பண்றவங்களுக்கு குயிக் சிங்க் (இன்டெல்லோட வீடியோ என்கோடர்) கெடைக்கும், நாளைக்கு கார்டு சொருகினா பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0-வோட நின்னுராது.

இப்பவே கார்டுன்னா கணக்கே வேற. ஐ3-12100எஃப், 4 கோர் 8 த்ரெட். நாலு கோரான்னு மூஞ்சிய சுளிக்காதீங்க, ஒவ்வொரு கோரும் வேகம், கார்டு போட்டு கேம் ஆடும்போது 5600ஜி-ய சாதாரணமா முந்தும். பிளெண்டர்ல 3டி ரெண்டர், பெரிய ப்ரோக்ராம் கம்பைல் மாதிரி எல்லா கோரையும் புழியிற வேலைன்னாதான் 6 கோர் ஜெயிக்கும். இதுல மிச்சமாகுற காச கார்டுல போடுங்க. ஒண்ணு ஞாபகம் வச்சுக்கங்க, எஃப்-னா உள்ள கிராபிக்ஸ் கிடையாது, எச்டிஎம்ஐ கேபிள மதர்போர்டுல சொருகிட்டு டிஸ்ப்ளே வரலன்னு கடைக்குத் தூக்கிட்டுப் போறவங்க இன்னும் இருக்காங்க.

கார்டுல வெறும் கேமுக்குன்னா ஆர்எக்ஸ் 6600, 8 ஜிபி, 132 வாட்ஸ். ஆர்டிஎக்ஸ் 3050-ய விட கேம்ல தெளிவா வேகம், இதுல பெருசா விவாதத்துக்கு எடமில்ல. பிளெண்டர், மெஷின் லேர்னிங், கூடா (என்விடியா கார்டுல மட்டும் ஓடுறது) கேக்குற சாஃப்ட்வேர் எதாவது இருந்தா மட்டும் 3050 பக்கம் போங்க, அப்பவும் டப்பாவ நல்லா படிங்க, 3050-ங்கிற பேர்ல ரெண்டு கார்டு விக்கிது. 2022-ல வந்த 8 ஜிபி-ல 128 பிட் மெமரி, 2024-ல வந்த 6 ஜிபி-ல 96 பிட், கோரும் கம்மி. அந்த 6 ஜிபி-க்கு இருக்கிற ஒரே நல்லது 70 வாட்ஸ்தான் இழுக்கும், பெரும்பாலும் தனி பவர் கேபிள் வேணாம். ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி-ய விலையப் பாத்து எடுத்துராதீங்க, 4 ஜிபி, பிசிஐ எக்ஸ்பிரஸ்ல நாலே லேன், அத 3.0-ல சொருகினா இன்னும் படுத்துரும், வீடியோ என்கோடரும் கிடையாது, ஸ்ட்ரீமிங் பண்றவங்களுக்கு சுத்தமா ஆகாது.

அடுத்து சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒவ்வொரு நாலாவது கடையிலயும் காட்டுற கொட்டேஷன்: "ஐ7, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி, ஆர்ஜிபி கேபினெட்". விலை கேட்டா ஆச்சரியமா இருக்கும். எந்த ஐ7-னு கேளுங்க. பெரும்பாலும் 2011-ல வந்த 2600, இல்ல 2013-ல வந்த 4770, கூட பேர் தெரியாத புது போர்டு ஒண்ணு. ரெண்டுமே 4 கோர் 8 த்ரெட்தான், அதாவது மேல சொன்ன ஐ3 எத்தன கோரோ அத்தனயேதான், ஆனா ஒவ்வொரு கோரும் ரொம்பப் பின்தங்கினது. விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுது, விண்டோஸ் 11 இன்டெல்ல 8-வது ஜெனரேஷனுக்குக் கீழ அதிகாரப்பூர்வமா ஏத்துக்காது. டைப்பிங்கும் பில்லிங்கும்தான் வேலைன்னா, இதுக்கு பதிலா 8-வது ஜெனரேஷனோ அதுக்கு மேலயோ இருக்கிற ஆபீஸ் ரீஃபர்பிஷ்டு பிசி எவ்வளவோ தேவல. என்ன, அந்த பிராண்டட் டப்பாவுல எஸ்எம்பிஎஸ்ஸும் போர்டும் நிறைய தடவ அவங்க சொந்த சைஸா இருக்கும், பெருசா எதையும் மாத்த முடியாது.

ஏஎம்டி-யோட புது சாக்கெட் ஏஎம்5? ஆச எல்லாருக்கும் இருக்கு. அந்த சாக்கெட்டுக்கு கொறஞ்சது 2027 வரைக்கும் சப்போர்ட் உண்டுன்னு ஏஎம்டி சொல்லியிருக்கு, ஆனா அதுல டிடிஆர்5-ங்கிற புது வகை ரேம் மட்டும்தான், இப்ப இருக்கிற ரேம் விலையில இந்த பட்ஜெட்டுக்கு ஒத்து வராது. வீட்ல யாராவது கிட்ட பழைய டிடிஆர்4 ரேம் இருந்தா (டிடிஆர்4 போர்டா எடுத்தா மேல சொன்ன ரைசனுக்கும் 12-ல ஆரம்பிக்கிற இன்டெல்லுக்கும் ஆகும்) கேட்டு வாங்கிக்கங்க, வெக்கப்படாதீங்க.

எஸ்எஸ்டி பத்தி ரொம்ப மண்டைய உடைக்க வேணாம், போர்டுல எம்.2 ஸ்லாட் (எஸ்எஸ்டி-ய நேரா சொருகுற எடம்) இருந்தா 500 ஜிபி என்விஎம்இ (வேகமான வகை எஸ்எஸ்டி), முடிஞ்சா டிஎல்சி மெமரி போட்டது. ஆனா இன்டெல்லுக்கான எச்610 போர்டுல சில மாடல்ல எம்.2 ஸ்லாட்டே கிடையாது, வாங்குறதுக்கு முன்னாடி பாத்துக்கங்க.

எஸ்எம்பிஎஸ்லதான் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கேபினெட்டோட சேத்து "450 வாட்ஸ்"னு ஸ்டிக்கர் ஒட்டித் தர்ற தகர டப்பாவ ஒரு ஆர்எக்ஸ் 6600-க்குக் கீழ வைக்காதீங்க. அது ஸ்டிக்கர்ல இருக்கிற வாட்ஸ், 12 வோல்ட் லைன்ல உண்மையா எவ்வளவு குடுக்கும்ங்கிறது வேற விஷயம், சாகும்போது போர்டையும் கூட்டிக்கிட்டுப் போகலாம். தெரிஞ்ச பிராண்ட்ல 80 பிளஸ் பிரான்ஸ் (கரன்ட்ட வீணாக்காததுக்கான தரச் சான்று), 500 இல்ல 550 வாட்ஸ் எடுங்க, அதுக்கு காசு பத்தலன்னா கேபினெட்ட சாதாவா எடுங்க, ஆர்ஜிபி ஃபேன் இல்லாம கேம் ஓடும். நம்ம ஊரு கரன்ட்டுக்கு ஒரு யுபிஎஸ்ஸும் சேத்துக்கங்க, 600 விஏ-ன்னா 600 வாட்ஸ் இல்ல, பெரும்பாலும் 360 வாட்ஸ்தான், கரன்ட் போனா சேவ் பண்ணி ஷட்டவுன் பண்றதுக்கு அது போதும், கேம முடிச்சுட்டு எந்திரிக்கலாம்னு உக்காந்திருக்காதீங்க.

கடைசியா பில். "பில் வேணாம்னா கொறச்சுத் தர்றேன்"னு சொல்லுவாங்க, 18 சதவீத ஜிஎஸ்டி மிச்சமாகுதேன்னு தோணும், ஆனா பாக்ஸ் பிராசசருக்கு இருக்கிற 3 வருஷ வாரண்டிய கேக்கப் போகும்போது கையில பில் இல்லன்னா கடைக்காரருக்கு உங்க மூஞ்சியே மறந்துரும். பில்லுல ஒவ்வொரு ஐட்டத்துக்கும் சீரியல் நம்பர் எழுதி வாங்குங்க, பிராசசர் டப்பாவோட தர்றாங்களா இல்ல ட்ரே பீஸா (டப்பா இல்லாம உதிரியா வர்றது)ன்னு பாருங்க, 5000 சீரிஸ் ரைசன ஏஎம்டி-க்கான பழைய ஸ்டாக் பி450 போர்டுல போடுறதா இருந்தா பயாஸ் (போர்டுக்குள்ள இருக்கிற அடிப்படை சாஃப்ட்வேர்) அப்டேட்ட கடையிலயே பண்ணித் தரச் சொல்லுங்க, வீட்டுக்கு வந்தப்புறம் அதப் பண்றதுக்கு இன்னொரு பிராசசர் தேட வேண்டி வரலாம்.