சாடிப் பூக்கள்: நீண்ட நாள் பயன்பாட்டில் தேறியதும் தேறாததும்

சாடி நிறையத் தண்ணீர் இருக்கும், ஆனாலும் மூன்றாம் நாளே ரோஜா தலை தொங்கிவிடும். தண்ணீர் மேலே ஏற வழியில்லாமல் போவதுதான் காரணம். வெட்டிய முனையில் காற்றுக்குமிழி புகுந்துவிடும். பின்னாலேயே பாக்டீரியா பெருகி, வழவழப்பான படலத்தால் காம்பின் நீர்க்குழாய்களை அடைத்துவிடும். பல முறைகளை மாற்றி மாற்றிக் கையாண்டதில் தெளிவானது இதுதான்: இந்த அடைப்பைத் தடுக்கும் வேலைகளுக்கே பலன் அதிகம். தண்ணீரில் என்ன கலக்கிறோம் என்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

ஆகவே முதலில் சாடி. அடியில் படிந்த வழவழப்பை சோப்பும் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து எடுங்கள். பிறகு ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி ப்ளீச் (துணி வெளுக்கும் குளோரின் திரவம்) கலந்து பத்து நிமிடம் ஊறவிட்டு நன்றாக அலசுங்கள். பிரஷ் நுழையாத குறுகிய கழுத்துச் சாடி எவ்வளவு அழகாக இருந்தாலும் இதற்கு ஆகாது.

காம்பின் அடியில் 2 முதல் 3 செ.மீ. சாய்வாக வெட்டுங்கள். சாய்வாக வெட்டினால் முனை சாடியின் அடித்தளத்தில் தட்டையாக ஒட்டிக்கொள்ளாது. சாய்வைவிட முக்கியம் கத்தியின் கூர்மை. மழுங்கிய கத்தரிக்கோல் காம்பை நசுக்கும். நசுங்கிய இடம் சீக்கிரம் அழுகும். கட்டையான தண்டை சுத்தியலால் தட்டி வைக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். ரோஜாவை மட்டும் ஒரு கிண்ணத் தண்ணீருக்குள் அமிழ்த்தி வெட்டினால் காற்று புகாது. தண்ணீருக்குள் மூழ்கும் இலைகளை ஒன்று விடாமல் உருவிவிடுங்கள்.

வீட்டுக் கரைசலுக்கு அளவு: ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி வாசனை சேர்க்காத ப்ளீச். சாறையும் சர்க்கரையையும் தண்ணீரில் முழுதாகக் கலக்கிய பிறகே ப்ளீச்சை ஊற்ற வேண்டும். சாறும் ப்ளீச்சும் நேரடியாகச் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது ஆபத்து. சர்க்கரை மொட்டு விரிய உணவு, புளிப்பு தண்ணீர் ஏற உதவி, ப்ளீச் பாக்டீரியாவுக்குத் தடை. சர்க்கரையை மட்டும் போட்டால் விளைவு நேர்மாறு: இரண்டே நாளில் தண்ணீர் கலங்கி நாறும். கடையில் கிடைக்கும் பூ உணவுப் பொடிக்கும் இதே கதிதான். பாதி அளவு போட்டு மிச்சம் பிடித்தால் கிருமிக்குத் தீனி கிடைக்கும், தடை போதாது. ஆஸ்பிரின் மாத்திரை, செப்புக் காசு இரண்டையும் நம்பி இருக்க வேண்டாம்.

கரைசலை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மாற்றும்போதெல்லாம் காம்பை ஒரு செ.மீ. புதிதாக வெட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்ப்பதால் போகும் நாட்களை வேறு எதுவும் மீட்டுத் தராது.

பூவுக்குப் பூ குணம் மாறும். ஜெர்பெராவின் மென்மையான காம்பு ஆழத் தண்ணீரில் அழுகிவிடும். 5 முதல் 7 செ.மீ. போதும். கார்னேஷனைக் கணுவில் வெட்டாமல் இரண்டு கணுக்களுக்கு நடுவில் வெட்டுங்கள். செவ்வந்தியில் பூ வாடும் முன்பே இலை மஞ்சளாகும்; இலையைக் கிள்ளிவிட்டால் பூ இரண்டு வாரம்கூட நிற்கும். சம்பங்கியிலும் கிளாடியோலஸிலும் அடிப்பூக்கள் வாட வாட எடுத்தால் மேல்மொட்டுகள் விரியும். டாஃபடில் காம்பிலிருந்து வடியும் பிசின் மற்ற பூக்களுக்கு ஆகாது, தனியே வையுங்கள்.

சாடிக்குப் பக்கத்தில் பழத்தட்டு கூடாது. ஆப்பிளும் வாழைப்பழமும் வெளியிடும் எத்திலீன் வாயு பூவை முதுமையாக்கும். கார்னேஷன் இதில் ரொம்பவே பலவீனம். நேர் வெயிலும் மின்விசிறிக் காற்றும் வேண்டாம். இரவில் ஃபிரிட்ஜில் வைப்பது ரோஜாவுக்கு நல்லது, உள்ளே பழம் இல்லாதவரை. அந்தூரியத்தையும் வெப்பமண்டல ஆர்க்கிட்டையும் அங்கே வைத்தால் குளிரில் கருகும்.

தலை தொங்கிய ரோஜாவை உடனே குப்பைக்கு அனுப்ப வேண்டியதில்லை. காம்பை 3 செ.மீ. வெட்டி, பூ முழுவதையும் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மணி நேரம் படுக்கவையுங்கள். அடைப்பு முனையில் மட்டும் இருந்தால் கழுத்து நிமிரும். காம்பு மெத்தென்று ஆகிவிட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். அழுகும் காம்பு சாடித் தண்ணீரைக் கெடுத்து மற்ற பூக்களையும் சாய்க்கும்.